அவனுக்கும் கொடுத்த அண்டா

என் மனைவி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன்; திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறேன். எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. பெங்களூரிலிருந்து அவளோடு சேர்ந்து வேலை செய்கிறவனோடு அவள் ஹெட்போனில் சிரித்துப் பேசினால் சோறு இறங்காது. அவளோடு பேச எனக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ என்று.

ஒருநாள் சிரிப்பில்லை, அவனோடு சண்டை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"இன்னா ஆச்சு?"

"உனக்குப் புரியாது பாவா."

"அவனுக்குப் புரியுதா?"

"அவனுக்கும்தான் புரியல."

உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்தவருடைய பெரிய கம்ப்யூட்டரில் இடம் வாடகைக்கு எடுத்து வேலையை ஓட்டுகிறார்களாம். கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரனே எட்டிப் பார்க்க முடியாதபடி அந்த இடத்தின் நினைவகம் மறையெழுத்தில் இருக்குமாம். ஆனால் வெளியே தகவல் அனுப்ப, நோட்டுப் புத்தகம் மாதிரி பக்கம் பக்கமாகப் பிரித்த அந்த நினைவகத்தில் ஒரு பக்கத்தையாவது திறந்து காட்டியாக வேண்டும். அதைச் செய்கிற டிரைவர் என்ற நிரலைத்தான் இவர்கள் எழுதுகிறார்கள். வேலை முடிந்ததும் பக்கத்தை மறுபடி மறைத்து, காலிப் பக்கங்களோடு சேர்க்க வேண்டும். எப்போதாவது மறைக்க முடியாமல் போகும். அவன் எழுதியதோ, மறைந்ததா என்று பார்க்காமலே சேர்த்துவிடுகிறது.

"சேர்ந்தா இன்னா?"

"கடையில சைவ அண்டா தனி, பிரியாணி அண்டா தனின்னு வெச்சிகினு இருக்கியே. சைவ அண்டா ஒண்ணு தவறிப்போய் பிரியாணிக்குப் போய்ட்டு வருது. சுத்தமாச்சான்னு தெரியல. கிருத்திகை அன்னதானத்துக்குக் குடுப்பியா?"

"அதை ஓரமா கவுத்துடுவேன். தொடவே மாட்டேன்."

"ஆங். அந்தப் பக்கத்தையும் அப்படியே உட்டுடணும். வீணாப் போனாலும் பரவால்ல. திரும்பச் சேர்த்தா, அடுத்து அதுல யாரோட பாஸ்வேர்டோ வந்து உக்காரும். வெளிய இருக்கறவன் படிச்சிடுவான்."

எனக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் வரைக்கும் கடையில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் சாப்பிட வந்தால், ஹெட்போனில் அவள் அதே அண்டாவை, அதே பிரியாணியோடு, அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் சிரிக்கிறது எனக்கே கேட்டது. எனக்கென்று சொன்னதைத் தூக்கி அவனுக்கும் கொடுத்துவிட்டாள்.

"திருத்திடறானாம். உன்கிட்ட பேசணுமாம்" என்று ஹெட்போனை நீட்டினாள்.

"அண்ணா, உங்க அண்டாவாலதான் எனக்குப் புரிஞ்சுது" என்றான். மரியாதையான குரல். திட்டுவதற்குக்கூட வழி வைக்கவில்லை. "சரிங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவள் பேசி முடித்ததும் சொன்னேன்: "இனிமே எதுவா இருந்தாலும் மொதல்ல எனக்குச் சொல்லு. அப்புறம் அவனுக்கு."

"உனக்குப் புரிய நாளாகும் பாவா."

"ஆவட்டும். அதுவரைக்கும் அவன் காத்துகினு இருக்கட்டும்."