சித்தப்பாவின் டச் வுட்

அக்கா போன துக்கம் விசாரிக்க வந்தவரிடம், கடைசிவரை அவள் படுக்கையில் கிடக்காமல் நன்றாகவே இருந்தாள் என்றேன். சொல்லும்போதே என் விரல் நாற்காலியின் மரக்கையைத் தொட்டது. இனி அதனால் ஆவதொன்றுமில்லை, பழக்கம்.

பழக்கியவர் சித்தப்பா. திரு-கொச்சி மந்திரிசபைகள் அடிக்கடி கவிழ்ந்த காலத்தில் செக்ரடேரியட்டில் குமாஸ்தா. ஸ்ரீவராகத்தில் எங்களோடு வசித்தார். நல்லதொன்றைச் சொன்னால், அது நிலைக்க வேண்டி உடனே ‘டச் வுட்’ என்று கூறி, அருகிலுள்ள மரச்சாமானைத் தொட வேண்டும். ஒரு விரல் போதும். இது அவர் எனக்களித்த பாடம். “இன்னிக்கும் மந்திரிசபை கவிழலை, டச் வுட்” என்று தூணைத் தொடுவார். எங்களுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப்போடும் அம்மா சிரிப்பாள்: “வெள்ளைக்காரனுக்கும் திருஷ்டி பயமா? ரெண்டு மிளகாய் குடுத்தனுப்பட்டுமா?”

பிறகு அக்காவுக்கு டைபாய்டு வந்தது. முந்தைய ஆண்டு சித்தப்பாவிடமிருந்து சித்தியைக் கொண்டுபோன அதே ஜுரம், அதே ஆஸ்பத்திரி. வீட்டில் எவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்நாட்களில் சித்தப்பா நல்லதாக எதுவும் பேசவில்லை. ஆகவே எந்த மரத்தையும் தொடவில்லை.

ஒரு நாள் காலை டாக்டர் அக்காவின் நாடியை விட்டுவிட்டு, “பனி மாறி. இனி பேடிக்கண்டா” என்றார். ஜுரம் விட்டது, இனிப் பயமில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ பதற்றம்: நல்ல சொல் விழுந்துவிட்டது, சுற்றிலும் இரும்புக் கட்டில்கள். வாசலுக்கு ஓடிக் கதவைத் தொட்டேன். சித்தப்பா எனக்கு முன்பே வெளியேறி, முற்றத்துப் பலாமரத்தில் இரு உள்ளங்கைகளையும் பதித்து நெற்றியைச் சாய்த்திருந்தார்.

“ஒரு விரல் போறும்னேளே, சித்தப்பா?”

அவர் திரும்பவில்லை. “இதுக்குப் போறாதுடா.”

கற்பித்தவருக்கே பிரயோகம் தவறிவிட்டது, வீட்டில் சொல்லிச் சிரிக்கலாம் என்று குதூகலித்தேன். அதே வார்டில் இதே சொற்களுக்காகக் காத்திருந்து, அவற்றைக் கேளாமலே வீடு திரும்பியவர் அவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவர் விழாமலிருக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.