கேட்டுக்கொண்டிருந்தவள்

மூன்று முறை தேர்வில் கோட்டை விட்ட பிறகுதான் பாய்லர்காரர் பெண்டாட்டியிடம் வாய் திறந்தார். துணி ஆலையில் கொதிகலன் ஓட்டுவது அவர் வேலை. பதினான்கு வருடக் கைப்பழக்கம். சான்றிதழ் மட்டும் இல்லை. விதிப் புத்தகம் படிப்பது வைக்கோலை மெல்வது மாதிரி இருந்தது. அடுத்த பக்கம் திருப்புவதற்குள் முந்தைய பக்கம் போன இடம் தெரியாது.

"மண்டையில ஏறவே மாட்டேங்குது" என்றார்.

அவள் மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

"புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லிட்டா உங்களுக்கு மறக்காது."

தினமும் ஆலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம். அவர் சொல்வார், ஏன், எதற்கு என்று அவள் குடைவாள். பதில் வராவிட்டால் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று கேட்பாள். போன வாரத்துப் பாடத்தை ஞாயிற்றுக்கிழமை திடீரென்று கேட்பாள்.

"பாய்லரோட கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டமே தெரியலைன்னா, உடனே தண்ணி விடக் கூடாது."

"ஏன்? தண்ணி இல்லாததுதானே குறை?"

அவர் புத்தகத்தைத் திறக்கப் போனார். அதற்குள் அவளே யோசித்தாள். "காய்ஞ்ச சட்டியில தண்ணி தெளிச்சா சீறுமே, அந்த மாதிரியா?"

"அதேதான்! இங்க சட்டியே வெடிச்சிடும்."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் அவளோடு இவ்வளவு பேசியதே இல்லை. அந்தப் புத்தகத்தின் மேல் அவளுக்கு ஆசையே வந்துவிட்டது.

நான்காம் முறை தேறினார். வாய்மொழித் தேர்வில் அதே கேள்வி, அவர் சொன்னதும் அதே சட்டிதான். கொதிகலனுக்குப் பொறுப்பாளர் ஆனார். காலைப் பேச்சு அன்றோடு நின்றது. அவள் தம்பி வந்து, "எப்படி மாமா படிச்சீங்க?" என்று வியந்தபோது, "தனியா உட்கார்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டேன், சும்மாவா?" என்றார். அவள் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒருநாள் மதியம் அவர் சாப்பாட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. அவள் எடுத்தாள். ஆலையில் கொதிகலன் அடுப்புக்குக் கரி தள்ளும் பெரியவர்.

"தங்கச்சி, கண்ணாடியில தண்ணியே காணோம்! பம்ப்பைப் போட்டுடட்டுமா?"

"ஐயோ, தொடாதீங்கண்ணா! முதல்ல நெருப்பை நிறுத்துங்க. எல்லாரையும் வெளியே அனுப்புங்க. அவரை இப்பவே அனுப்பறேன்."

ஈரத் தலையோடு ஓடினார். ஆலை தப்பியது. பெரியவர் நன்றியில் நடந்ததை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "பாய்லரை ஓட்டுறது நீயா, உன் வீட்டுக்காரம்மாவா?" என்று ஆலை வாசலிலேயே கேலி தொடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் மானத்தைக் கப்பலேத்திட்டியே! இனிமே என் போன் மேல கை வச்சே, பாரு."

"நாலு பேர் செத்திருப்பாங்க."

"செத்திருந்தா அது என் பாடு. உன்னை யாரு கேட்டா?"

 அவள் எப்போதும்போலச் சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள், தைத்தாள். பேசவில்லை என்பது அவர் கண்ணில் படவே ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த வருடம் கொதிகலன் வேலைக்கே அடுத்த படிச் சான்றிதழுக்கான தேர்வு. புத்தகம் முன்னதைவிடத் தடிமன். கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஒரே வரியை ஒன்பது தரம் படிப்பது வெளியே கேட்டது. ஒருநாள் காலை மெஷின் அருகே வந்து நின்றார்.

"கொஞ்ச நேரம் கேளேன்."

"இன்னைக்குள்ள முப்பது காலர் முடிக்கணும்" என்று மெஷினை மிதித்தாள்.

அவர் தேறவில்லை. அவளுக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் படித்தவரை விட்டுப் போன விதிகள் கேட்டவளை விட்டுப் போகவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது ஒவ்வொன்றாக வந்து நிற்கும், விரட்டினாலும் நகராது. இத்தனைக்கும் கொதிகலன் எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.