மைசூரில் தங்கை வீட்டுத் தளமும் அமுங்கிப்போன பால்கனிக் கம்பியும்

போன தை மாதம் மைசூருக்குப் போய்வந்தேன். அரண்மனையும் பிருந்தாவனமும் பற்றிப் படிக்க வந்திருந்தால் இந்தப் பதிவை இப்போதே மூடிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் போனது என் தங்கை சுதா கட்டும் வீட்டுக்குத் தளம் போடுவதைப் பார்க்க. சொந்தக்காரர் வீட்டில் கான்கிரீட் போடும் நாளுக்கென்று வெளியூர் போகிறவர்கள் நம்மில் ஏராளம். போய்ப் பூஜையில் நின்று, பிரியாணி சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தியமங்கலத்தில் கட்டட மேற்பார்வை பார்ப்பது என் தொழில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். கம்பி விஷயத்தில் நீளமாக இருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

சத்தியிலிருந்து மைசூர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வியாழக்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறினேன், டிக்கெட் 220 ரூபாய். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டும் ஆசாமியாக இருந்தால் ஏறும்முன் சாப்பிடாதீர்கள். நான் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு ஏறி, ஆசனூர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டேன். இரவில் அந்தப் பாதையில் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு வழியாக மைசூர் சேரும்போது மதியம் பன்னிரண்டு.

பேருந்து நிலையத்திலிருந்து ரிங் ரோடுப் பக்கம் ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 130 ரூபாய். ஓட்டுநர் தமிழர்தான், ஆனால் மைசூரிலேயே பிறந்தவர்.

"எல்லி சார், எங்க போகணும்? வீடு கட்றாங்களே, அந்த ஏரியாவா?"

"ஆமாங்க. தங்கச்சி வீட்டுக்கு நாளைக்குத் தளம் போடுறாங்க."

"ஓ, மோல்டா! அப்போ ஊட்டா ஜோரா இருக்கும், விடாதீங்க."

இந்த ஊரில் தளம் போடுவதை மோல்டு போடுவது என்கிறார்கள். அன்றைக்கு வேலைக்காரர்களுக்கு விருந்து வைப்பது வழக்கம், அந்தச் சாப்பாட்டைத்தான் ஊட்டா என்றார்.

சுதாவின் கணவர் செல்வராஜ் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர்களுடைய பூர்விகம் ஹனூர்ப் பக்கம். செல்வராஜின் அம்மா பழனியம்மாள் அவர்களோடுதான் இருக்கிறார். எனக்கு அத்தை முறை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கட்டுவது கீழ் வீடு ஒன்று, அதன்மேல் பிற்பாடு ஒரு மாடி வீடு. இப்போது கீழ் வீட்டுக்குமேல் போடும் தளமே முன்பக்கம் நாலடி வெளியே நீண்டு, மாடி வீட்டுக்குப் பால்கனியாகும். அங்கே நின்றால் சாமுண்டி மலை தெரியும். சுதா போனில் பேசும்போதெல்லாம் வீட்டைப் பற்றிப் பேசியதைவிட அந்தப் பால்கனியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

சாயங்காலம் ஏணியில் ஏறிக் கம்பியைப் பார்த்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கஷ்டமான சமாசாரம் ஒன்றும் இல்லை. கான்கிரீட்டை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். இழுத்தால் பிளந்துவிடும். இழுவையைத் தாங்கத்தான் உள்ளே கம்பி. இரண்டு சுவர்மேல் கிடக்கும் தளத்தில் எடை ஏறினால் நடுப்பகுதி கீழே தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம்தான் இழுபடும். அதனால் அங்கே கம்பி அடியில் ஓட வேண்டும். உத்தரத்துக்கும், அதாவது பீமுக்கும், அதே கணக்குதான். கூடவே, சுவர்ப் பக்கமாகக் குறுக்கே வெட்டு விழாமல் பிடிக்க ரிங் கட்டுவார்கள், ஓரத்துக்கு வர வர நெருக்கமாக. கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடித்த பலகையை ஒட்டிக் கம்பி கிடந்தால் பின்னால் துருப்பிடிக்கும், எனவே முக்கால் அங்குலம் தூக்கி நிறுத்தக் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டிகள்.

பால்கனிக்கு எல்லாம் தலைகீழ். அதற்கு ஒரு பக்கம்தான் பிடிமானம், மறுபக்கம் அந்தரத்தில். மேலே ஆள் நின்றால் நுனி கீழே போகப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். எனவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் நன்றாக நீண்டு போக வேண்டும். அதை மேலேயே தாங்கிப் பிடிக்கக் கம்பியிலேயே வளைத்துச் செய்த சின்ன முக்காலிகள் உண்டு, சேர் என்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது. மேஸ்திரி மாதேஷ், அதே ஹனூர்ப் பக்கத்து மார்டள்ளிக்காரர், பக்கத்திலேயே நின்றார். "சபாஷ் மேஸ்திரி, குறையே இல்லை" என்றேன். மனசாரச் சொன்னேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் முதல் கான்கிரீட் விழுந்தாக வேண்டும் என்பது அத்தை உத்தரவு. எட்டரைக்கே சொந்தபந்தம் கூடிவிட்டது, இருபது பேருக்குக் குறையாது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்தியாக மேலே ஏறினார்கள். நான் கீழே தெருவில் நின்றேன், கான்கிரீட் லாரியும் பம்ப்பும் வந்துவிட்டன. லாரிக்காரர் "டைட்டா இருக்கு சார், ஸ்வல்ப தண்ணி ஊத்தட்டுமா?" என்றார். "ஒரு சொட்டு ஊத்துனீங்க, லாரியத் திருப்பி அனுப்பிடுவேன்" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். கலந்து வந்த கான்கிரீட்டில் தண்ணீர் சேர்த்தால் கொட்டச் சுலபம், பலம் போய்விடும். வாய் ஓய்ந்து நான் மேலே போகும்போது பூஜை முடிந்திருந்தது. கம்பிக்கெல்லாம் மஞ்சள் குங்குமம், மூலையில் உடைத்த தேங்காய்.

பால்கனியைப் பார்த்தேன்.

மேலே நிற்க வேண்டிய கம்பிகள் அத்தனையும் அமுங்கி, அடிப் பலகையைத் தொடாத குறையாகக் கிடந்தன. சேர்கள் மல்லாந்து கிடந்தன. நடந்தது இதுதான்: பூஜை முடிந்ததும் மலை பின்னால் தெரிகிற மாதிரி குடும்பப் படம் எடுக்க அத்தனை பேரும் பால்கனிப் பக்கம் போய் நின்றிருக்கிறார்கள். ஒரு படமா? கண்ணை மூடியவர்களுக்காக மறுபடி, பெரியப்பா விட்டுப்போனார் என்று மறுபடி.

"மேஸ்திரி, நீங்க பாக்கலயா?"

"பாத்தனுங்க. வீட்டுக்காரங்க பூசைக்கு ஏறி நிக்கையில, எறங்குங்கன்னு நான் எப்படிங்க சொல்றது? அவிய போனதும் தூக்கி உட்டுக்கலாம்னு இருந்தனுங்க. அதுக்குள்ள பம்ப்பு வந்துருச்சு."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. நல்ல காரியத்தில் வீட்டுக்காரரை அதட்டுகிற மேஸ்திரி அடுத்த வேலைக்கு எங்கே போவார்? ஆனால் நான் அதட்டலாமே. "நிறுத்துங்க!" என்று கத்தினேன். பம்ப்பு ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

செல்வராஜ் ஓடிவந்தார். "என்ன மச்சான்? மணி ஒம்பதே முக்கால். ராகுகாலம் வந்துடும்."

"வரட்டும் மாப்ள. கம்பி கீழ போயிருச்சு. தூக்கிக் கட்டாம பால்கனிய ஊத்தக்கூடாது."

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "ஏந்தம்பி, பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து, நல்ல காரியத்துல நிறுத்து நிறுத்துங்கறது நல்லாவா இருக்குது? கம்பி அங்கதான கெடக்குது? எங்கயும் ஓடிப்போவலியே?"

சொந்தபந்தம் எல்லாம் என்னையே பார்த்தது. சுதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அண்ணா, மெதுவாப் பேசுண்ணா" என்றாள், அழுதுவிடுவாள் போல. இந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். நான் சண்டை போட்டுவிட்டுச் சத்திக்குப் பேருந்து ஏறிவிடுவேன், அவள் எங்கே போவாள்? அதை நினைத்து ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டது உண்மை. ஆனால் அந்தப் பால்கனியில் நிற்கப்போகிறவளும் அவள்தானே!

கீழே இறங்கி என் ரப்பர் செருப்பை எடுத்துவந்தேன். பூஜை செய்த இடத்துக்குச் செருப்போடு வந்தது தப்புதான், அத்தை "அய்யோ சாமீ!" என்று அலறியே விட்டார். அவசரத்தில் வேறெதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. தேய்ந்த செருப்பு, மேலே விரிசல் விட்டிருந்தது. குதிகால் பக்கம் நான் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியைச் செல்வராஜை அமுக்கச் சொன்னேன். விரிசல் வாயைத் திறந்தது.

"வாய் எந்தப் பக்கம் தொறக்குது மாப்ள?"

"மேல."

"அந்த வாயத் தைக்கற நூல்தான் கம்பி. நூல் இப்ப அடியில கெடக்குது."

செல்வராஜ் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார். அத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அப்ப உழுந்துருமா?" என்று கேட்டார், குரலில் காரம் இல்லை.

"இன்னிக்கு விழாதுங்க அத்தை. அடியில தாங்கற முட்டெல்லாம் எடுத்த பொறவு, ஒருநாள் பத்துப் பேர் ஏறி நிக்கையில சொல்ல முடியாதுங்க."

அத்தை மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மகனிடம், "தூக்கச் சொல்லுறா" என்றார்.

ராகுகாலத்துக்கும் ஒரு வழி செய்தோம். பின்பக்கம் ஈசானி மூலையில் பத்து மணிக்கு அத்தை கையால் முதல் சட்டி கான்கிரீட் விழுந்தது. அங்கிருந்து முன்னோக்கி ஊற்றிக்கொண்டு வரட்டும், அது பால்கனிக்கு வந்து சேர்வதற்குள் கம்பியைத் தூக்கிவிடலாம் என்பது ஏற்பாடு. மாதேஷும் இரண்டு ஆட்களும் துண்டுக் கம்பிகளை வளைத்துப் புதிதாகச் சேர்கள் செய்தார்கள், முன்பைவிட நெருக்கமாக வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினார்கள். நான் ஒவ்வொன்றையும் கையால் அமுக்கிப் பார்த்தேன். நடக்கிறவர்களுக்குக் கம்பிமேல் படாமல் பலகை போட்டோம். செல்வராஜ் பால்கனி முனையில் காவலுக்கு நின்றுகொண்டார். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்த ஆளைக்கூட "ஏய், பலகை மேல, பலகை மேல!" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். மதியம் ஒன்றரைக்குக் கடைசிக் கரண்டி இழுத்துச் சமன் செய்தார்கள். ஊட்டா ஆட்டோக்காரர் சொன்ன மாதிரி ஜோர்தான். அத்தை எனக்குப் பரிமாறினார், ஆனால் பேசவில்லை.

இப்படி ஒரு நாளுக்குப் போகிறவர்களுக்கு என் புத்திமதி, கசந்தாலும் கேளுங்கள். பூஜையைக் கம்பிமேல் வைக்காதீர்கள். ஓரமாகப் பலகை போட்டு இரண்டு பேர் ஏறினால் சாமி வேண்டாம் என்று சொல்லாது. படம் எடுப்பதைக் கான்கிரீட் காய்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். பால்கனியும் சன்ஷேடும் உள்ள வீடென்றால், ஊற்றுவதற்கு முந்தைய நிமிடம் ஒருவர் போய்க் கம்பி மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. மறுநாளிலிருந்து தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பால்கனிக்குக் கொடுத்த முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், பிரிக்கும்போது நுனியில் தொடங்கிச் சுவர்ப் பக்கமாக வாருங்கள். மைசூரில் தை மாதக் காலைகள் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டுப் பிரிக்கும் நாளுக்கு நான் மறுபடி போனேன், மாசியில். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். வீட்டிலிருந்தால் தூக்கம் வராது என்று தெரியும். அவசரத்தில் தூக்கிக் கட்டிய கம்பி. கான்கிரீட் விழுந்தபின் உள்ளே எது எங்கே நகர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? பயணம் முழுக்க அதே நினைப்புதான். இத்தனை வருடத் தொழிலில் எந்த வீட்டுக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை.

மாதேஷ் நுனியிலிருந்து ஒவ்வொரு முட்டாக எடுத்தார். அடிப் பலகையும் இறங்கியது. பால்கனி தனியாக நின்றது. கீழ்ப்பக்கம் வழவழவென்று இருந்தது, மேலே ஏறிச் சுவரோரம் குனிந்து பார்த்தேன், கோடளவுக்குக்கூட விரிசல் இல்லை. இறங்கி வந்து, "நல்லா இருக்குதுங்க. இது விழாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். செல்வராஜ் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் ஒருவரும் அதன் அடியில் போகவில்லை, வாசலுக்குப் போக வேண்டியவர்கள்கூட ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அத்தை வந்தார். கையில் பிளாஸ்டிக் நாற்காலி. நேராகப் பால்கனிக்கு அடியில் கொண்டுபோய் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, பேடாம்மா, வேணாம், இந்தப் பக்கம் வா" என்று செல்வராஜ் பதறினார்.

"ஏன்? தம்பிதான் உழுவாதுன்னு சொல்லிருச்சே" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "அங்கயே நின்னா எப்புடி? வெயிலு அடிக்குது, வந்து உக்காருங்க தம்பி. சுதா, அண்ணனுக்கு ஒரு சேரு போடு" என்றார்.

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுதா காபி கொண்டுவந்தாள். மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து குடித்தோம். நான் அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை.