எளிதான பாட்டு மட்டும் வேண்டாம்

கொன்னோ யாசுயோ அக்காவுக்குப் பாட்டுத் தேடிக் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஜப்பானில் அகித்தா மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அக்காவின் வேலை ஒலிபெருக்கியில் பேசுவது. ஊர் முழுக்க நூற்றுச் சொச்சம் கம்பங்கள். கரடி இறங்கினாலும், பாலத்தில் பனி உறைந்தாலும், வீட்டை விட்டுப் போன பெரியவரைக் காணவில்லை என்றாலும் அவர் குரல்தான் கேட்கும். மலையில் பட்டுத் திரும்பும் சத்தம் அடங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். "கரடி. பள்ளிக்கூடத்துக்கு. பின்புறம்." வேகமாகப் பேசினால் ஊருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அதற்கு முன் பதினோரு வருடம் செந்தாய் நகரத்தில் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்தார். பேருந்து சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியே காட்ட ஒன்றும் இருக்காது, அப்போது வழிகாட்டி பாட வேண்டும். அப்படிச் சுரங்கங்களில் பாடிப் பழகிய தொண்டை. கல்யாணம் முறிந்து, மூன்று வயது மகனோடு ஊர் திரும்பினார். மகன் இப்போது யோகோஹாமாவில் இருக்கிறான். புத்தாண்டுக்கு வந்தால் வருவான். நகராட்சியில் அக்காவுக்கு ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் புதிய தாளில் முத்திரை விழ வேண்டும். பதினாறு வருடமாக விழுந்துகொண்டிருந்தது.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்த கையோடு எங்கள் பிரிவில் எல்லோரும் நெடுஞ்சாலை ஓரத்துக் கரோக்கே கடைக்குப் போவோம். துறைமுகத்தில் காத்திருக்கும் பெண்ணைப் பற்றிய இழுவைப் பாட்டு ஏதாவது ஒன்றை அக்கா பாடுவார். பிரிவுத் தலைவர் கமாத்தா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று மதிப்பெண் வரும்.

போன கோடையில் அது மாறியது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் செல்பேசியில் கேட்கும் பாட்டு ஒன்றை அக்கா எடுத்தார். மூச்சு விட இடமே இல்லாத பாட்டு. சொற்கள் திரையில் எலிக்கூட்டம்போல் ஓடின.

"அக்கா, இது மனுஷங்க பாடறதுக்கே எழுதலக்கா! கம்ப்யூட்டர் பாடறதுக்குன்னு எழுதினது!" என்று கத்தினாள் குடும்பப் பதிவேடு பார்க்கும் சியாகி.

அறுபத்தொன்று வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அடுத்து சியாகி முயன்று ஐம்பத்தெட்டு வாங்கினாள். நான் பாதியில் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அக்கா அப்படிப்பட்ட பாட்டுகளைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. வயதானால் சிலருக்கு இப்படி ஒரு கிறுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் என் மேசைக்கு வந்தார். "யாராலயும் பாட முடியாத பாட்டாப் பார்த்து எடுத்துக் குடு தம்பி. நீதான் படிச்சவனாச்சே."

அது போதுமாயிருந்தது எனக்கு. பதினேழு வீடுகள் உள்ள எங்கள் மலைக் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தவன் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் முதுகு நிமிரும். நிமிடத்துக்கு எத்தனை அசை, எந்த வரியில் மூச்சுக்கு இடமில்லை, எங்கே நாக்கு சிக்கும் என்றெல்லாம் எண்ணி முப்பத்திரண்டு பாட்டுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அக்கா அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். குளிர்காலம் முழுக்க அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது என்று வந்தது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் கைதட்டிச் சிரித்தோம்.

மார்ச் கடைசி வெள்ளியில் கமாத்தா சாருக்குப் பிரியாவிடை விருந்து. புதிய வருடத்துக்கான ஒப்பந்தத் தாள்கள் அவர் மேசையில் இருந்தன. திங்கட்கிழமை முத்திரை போட்டுவிட்டுத்தான் ஓய்வு பெறுவார். பொரித்த கோழியும் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயும் வந்தன. அக்கா வழக்கம்போல் மது தொடாமல் ஊலாங் தேநீரை வைத்துக்கொண்டு வேகப்பாட்டு இரண்டு பாடி முடித்தார்.

"போதும்மா இந்த மெஷின்கன் பாட்டு" என்றார் கமாத்தா சார். முகம் சிவந்திருந்தது. "போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். நம்ம ஊர்ப்பாட்டு. உங்க குரல்ல."

ஊர்ப்பாட்டு என்பது பாலர் பள்ளியில் கற்றுக்கொடுப்பது. மலை, ஆறு, நெல், அவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளையும் பாடும். நான்கைந்து சொல்லை ஒரு நிமிடம் இழுக்கலாம்.

"தொண்டை... சரியில்ல சார்."

"இப்பத்தானே குதிரை ஓட்டம் ஓடினீங்க? அதுக்கு மட்டும் தொண்டை இருக்கா?"

"வேற ஏதாவது... கஷ்டமா ஒண்ணு..."

"கஷ்டமே வேணாங்கறேன்! பாடுங்கம்மா. நாளைக்கு நான் யாரோ, நீங்க யாரோ."

"பாடுங்கக்கா, சார் அழுதுடுவாரு" என்று சொல்லிக்கொண்டே சியாகி எந்திரத்தை அணைத்தாள். அந்தப் பாட்டுக்கு இசைத்தடம் கிடையாது. எல்லோரும் கைதட்டித் தாளம் போட்டோம்.

அக்கா எழுந்து நின்றார். முதல் சொல் மலை. நாக்கு மேலே போகவில்லை. வாய்க்குள் கஞ்சியை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. அடுத்த சொல்லும் அப்படியே.

"ஐயோ, தேநீர்லயே ஏறிடுச்சா அக்காவுக்கு!" என்று சியாகி சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்தினாள். கமாத்தா சாரின் கைகள் நின்றன. பிறகு என் கைகளும். தாளம் இல்லாமல், இசை இல்லாமல், அக்கா ஒரு சரணம் முழுவதையும் பாடினார். பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முடித்ததும் ஈரத்துண்டை எடுத்து வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் கமாத்தா சார்.

"கோடையிலேர்ந்து."

வண்டி நிறுத்துமிடத்தில் பனி தூறிக்கொண்டிருந்தது. அக்காவின் வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். எதையாவது செய்ய வேண்டியிருந்தது.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அட்டவணை போட்டிருப்பியா?" ஒவ்வொரு சொல்லையும் பிடித்துப் பிடித்துப் பேசினார். "எல்லாரும் தோக்கற பாட்டு. அதுல நான் தோத்தா யாருக்குத் தெரியும்? சுலபமான பாட்டுலதான் மாட்டிக்குவேன். வேலையில பயமில்ல. அங்க நிறுத்தி நிறுத்தித்தானே பேசணும்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"நரம்பு. நாக்குல ஆரம்பிச்சிருக்கு. கைக்கு வரும். அப்புறம் மூச்சுக்கு."

"மருந்து?"

"முத்திரை விழற வரைக்கும் தாக்குப்பிடிச்சா இன்னொரு வருஷம் ஓட்டிடலாம்னு பார்த்தேன் தம்பி. மூணு நாள்தான் பாக்கி."

திங்கட்கிழமை கமாத்தா சார் முத்திரை போட்டார், வேறொரு தாளில். அக்காவுக்குப் பழைய கோப்புகளை அடுக்கும் வேலை, ஒரே ஒரு வருடம். ஒலிபெருக்கி எனக்கு. "இதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று தலைகுனிந்தார். அக்கா அவரைவிடத் தாழக் குனிந்தார்.

மறுநாள் காலை வடக்குப் பக்கம் கரடி இறங்கியது. நான் அறிவிப்பை வாசிக்கும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எதிரொலி அடங்கும்வரை விரலை உயர்த்திப் பிடித்தார். விரல் தாழ்ந்தால் நான் அடுத்த சொல்லைச் சொன்னேன். மூன்றாவது சொல்லில் அந்தக் கையை மறு கையால் தாங்கிக்கொண்டார்.

முடித்த ஐந்தாம் நிமிடம் தொலைபேசி அடித்தது. பழக்கத்தில் அக்காவே எடுத்துவிட்டார். மேல்கரைக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர். சத்தமான குரல், எனக்கே கேட்டது.

"நகராட்சியா? ரொம்ப நல்லா இருந்தது இன்னைக்கு! அரை வருஷமா ஒரு சொல்லு புரியல. எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் காது போச்சுன்னு ரெண்டு பேரும் காது மிஷின் வாங்கி மாட்டிக்கிட்டோம்னா பாத்துக்கோயேன்! இன்னைக்கு அதக் கழட்டி வச்சிட்டே கேட்டோம். என்னத்தைச் சரிபண்ணீங்க?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினார். "ரொம்ப... சந்தோஷம்... ஐயா."

"ஆங்? யாரு? ஒண்ணும் விளங்கலையே. பக்கத்துல வேற யாராவது இருந்தா குடும்மா."

அக்கா தொலைபேசியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.