மேப் ரூம் தாழ்ப்பாள்

இது நடந்தது. எனக்கு நடந்தது. வாழ்நாளெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். இருட்டைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படித்துவிட்டு, "கனவு கண்டிருப்பீங்க மேடம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கதவைக் குத்தியதில் ஆணி கிழித்த தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

போன வருடம் லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஷஹாபுதீன் சார். முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். அவர் இறந்த அன்று அந்தப் பக்கம் ஆட்டோகூட ஓடவில்லையாம். ஆபீஸ் சுவரில் அவர் படம் இருக்கிறது. டீக்கடையில் நின்றால்கூட, "ஷஹாபுதீன் சார் ஸ்கூலா?" என்றுதான் கேட்பார்கள். நான் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. எரிச்சலாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

அவருக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு அறையாகப் போவார். கதவில் மூன்று தட்டு. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். பதில் வராவிட்டாலும் கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம்தான் தாழ்ப்பாள்.

காலி அறையில் யாரைக் கேட்பது? வந்த முதல் வாரமே அதை நிறுத்தினேன். வாட்ச்மேன் கோவிந்தசாமியிடம், "கேமரா இருக்குல்ல? நேரா பூட்டிட்டுக் கெளம்புங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சார் இருந்தா..."

முறைத்தேன். அதோடு சரி.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. வியாழக்கிழமை மதியமே லீவு விட்டார்கள். வெள்ளி, சனியும் சேர்த்து. பிள்ளைகள் போனார்கள். டீச்சர்கள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். எனக்கு என்ன அவசரம்? கணவர் காலமாகிவிட்டார். மகள் அபி பாரீஸில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். வாடகை வீட்டில் எனக்காகக் காத்திருப்பது ஒரு ஃபிரிட்ஜ்தான்.

பின்பக்கம் மேப் ரூம் ஒழுகுமே என்று ஞாபகம் வந்தது. போனை ஆபீஸில் சார்ஜில் விட்டுவிட்டுப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. மேலே சிமெண்ட் ஷீட். மழைச் சத்தத்தில் காதே அடைத்தது. மேப்புகளைச் சுருட்டிப் பெஞ்சு மேல் வைத்துக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தேன்.

சரக்.

தாழ்ப்பாள்.

"கோவிந்தசாமி! நான் உள்ள இருக்கேன்!"

கத்தினேன், தட்டினேன், குத்தினேன். எதுவும் வெளியே கேட்கவில்லை. நான் ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிட்டதாக நினைத்து, கேட்டைப் பூட்டிவிட்டு அவர் சேதராப்பட்டில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருப்பார். வாட்சைப் பார்த்தேன். மணி 2.20.

திங்கட்கிழமைதான் இனி இந்தக் கதவு திறக்கும். குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. அபி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். எடுக்காவிட்டால், அம்மா தூங்கியிருப்பாள் என்று விட்டுவிடுவாள். என்னைத் தேட இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. அது அன்றைக்குத்தான் உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

அழுது ஓய்ந்தேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் ஓயவில்லை...

எலியாக இருக்கும். மழைத் தண்ணீராக இருக்கும். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது பெஞ்சின் அந்த முனை கிரீச்சிட்டது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

"யாரு?"

சத்தம் நின்றது. என்னோடு சேர்ந்து அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி...

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. மழை குறைந்தது. வாட்சில் 5.10.

தூரத்தில்... முன்பக்கத்து வகுப்பில்...

டொக். டொக். டொக்.

கொஞ்சம் பொறுத்துத் தாழ்ப்பாள் சத்தம்.

அடுத்த அறை.

டொக். டொக். டொக்.

நெருங்கி வந்தது. என் சேலைத் தலைப்பை ஏதோ இறுகப் பிடித்தது.

எங்கள் கதவு.

டொக்... டொக்... டொக்...

"யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேன்! இங்க இருக்கேன்!"

வயதான குரல். பொறுமையான குரல்.

"ரெண்டு பேரும் வெளிய வாங்கம்மா. மழ விட்டுடுச்சி."

சரக்.

கதவு திறந்தது. வராந்தாவில் யாரும் இல்லை. தரை முழுக்க மழைத் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. கால் பட்ட சலனம்கூட இல்லை.

தலைப்பு இழுபட்டது. உதறினேன். வெளியே பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். ஓடினேன். கேட் திறந்து கிடந்தது.

திங்கட்கிழமை கோவிந்தசாமி தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். மதியம் பூட்டிவிட்டுப் போன பிறகு, புயலில் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லையாம். கேட்டைப் பூட்டிய சாவியும் அவரிடம்தான் இருந்திருக்கிறது. கரண்ட் போனதால் கேமராவிலும் எதுவும் பதிவாகவில்லை.

அந்த வாரமே முல்லா வீதிக்குப் போனேன், ஷஹாபுதீன் சாரின் மனைவி ஜஹபர் நிஷாவைப் பார்க்க. டீ கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "ரெண்டு பேரும்" என்ற இடத்தில் அவர் முகம் மாறியது.

"அவரு அங்க வேலைக்குச் சேந்த புதுசு, டீச்சர். இதே மாதிரி புயல் லீவு. மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு அந்த ரூம்ல தூங்கிடுச்சி. உள்ள பாக்காம யாரோ தாழ்ப்பாப் போட்டுட்டாங்க. வெள்ளத்துல போயிடுச்சின்னு ஊரெல்லாம் தேடுனாங்க, பூட்டுன ஸ்கூல யாரும் பாக்கல. லீவு முடிஞ்சி கதவத் தொறந்தது இவருதான்..."

டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அதுலேருந்து சாவுற வரைக்கும் தெனமும் தட்டுனாரு. கூப்புட்டா ஒரு நாள் வெளிய வந்துடும்னு சொல்லுவாரு. வரவே இல்லியாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் அப்படி ஒரு ஆசை.

"நீங்க அதையும் கூட்டிக்கினுதானே வந்தீங்க?"

தலைப்பை உதறியவள் நான். தாழ்ப்பாள் போட்டவளும் நான்தான்.

இப்போது தினமும் சாயங்காலம் நானே ஒவ்வொரு அறையாகத் தட்டுகிறேன். மேப் ரூமைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். சேலைத் தலைப்பைக் கையில் பிடித்து உள்ளே நீட்டுகிறேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. ஆனால் யாரும் பிடிப்பதில்லை.