மீன்சுருட்டி எந்த மாவட்டம்?

எங்கள் விதைக் கம்பெனிக்குப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் கடைகள் உண்டு. எல்லாக் கடைகளின் விற்பனைத் தகவலையும் ஒரே டேட்டா வேர்ஹவுஸில், அதாவது கம்ப்யூட்டர் தகவல் கிடங்கில், அடுக்க வேண்டும். எப்படி அடுக்குவது என்பதில் எனக்கும், மீன்சுருட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து என்னோடு வேலை பார்க்கும் ஆபீஸ் தம்பிக்கும் ஓயாத சண்டை. யாருடைய அமைப்பு தேறுகிறதோ அவர் பெரம்பலூர் ஆபீஸிலேயே இருக்கலாம், மற்றவர் சென்னைக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

என்னுடையது ஸ்டார் அமைப்பு. நடுவில் விற்பனை அட்டவணை, சுற்றிலும் ஊர், விதை, தேதி என்று சில அட்டவணைகள், அவ்வளவுதான். ஒவ்வொரு ஊரின் பக்கத்திலேயே அதன் மாவட்டமும் எழுதியிருக்கும். தம்பியுடையது ஸ்னோஃபிளேக். ஊருக்கு ஓர் அட்டவணை, அதிலிருந்து தாலுகாவுக்கு ஒன்று, அங்கிருந்து மாவட்டத்துக்கு இன்னொன்று.

"ஏண்டா, ஒரு ஊரு எந்த மாவட்டம்னு தெரிஞ்சுக்க வூடு வூடா கதவத் தட்டணுமா?"

"பிரிச்சு வச்சாத்தான்க்கா சுத்தம். உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்."

மேனேஜர் இருவரையும் உட்காரவைத்து, அரியலூர் மாவட்டத்தில் மக்காச்சோள விதை எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டார். என்னுடையது கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொன்னது. தம்பியுடையது சுற்றிக்கொண்டே இருந்தது. மேனேஜர் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் அதில் பதில் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இதுல மீன்சுருட்டி எங்கம்மா?" என்றார் மேனேஜர்.

என் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். மீன்சுருட்டி இருக்கும் உடையார்பாளையம் தாலுகா முழுவதையும் பெரம்பலூரில் போட்டிருந்தேன்! அரியலூர் எங்களோடு இருந்து, பிரிந்து, திரும்பச் சேர்ந்து, மறுபடியும் பிரிந்த மாவட்டம். பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தில் கை தானாக அடித்துவிட்டது. தம்பியின் அமைப்பில் அது அரியலூரில்தான் இருந்தது; தப்பே நேர்ந்தாலும் தாலுகாவை ஒரே இடத்தில் மாற்றினால் போதும். என்னுடையதில் ஊர் ஊராகத் திருத்த வேண்டும்.

"எங்க ஊரையே தூக்கிட்டீங்களேக்கா!" என்று குதித்தான்.

"ஊரத் தொலைச்சிட்டு வேகம் எதுக்கு? தம்பியோடதையே வச்சுக்கலாம். நீங்க சென்னைக்குக் கெளம்புங்கம்மா" என்றார் மேனேஜர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால், ஜெயித்தவன் முகம் என் முகத்தைவிட வாடிக் கிடந்தது.

"சார், நான் போறேன் சார். வேலைக்குச் சேந்ததுலேர்ந்தே எனக்குச் சென்னை ஆசை."

"யாராச்சும் ஒருத்தர் போனாச் சரி" என்று மேனேஜர் எழுந்து போய்விட்டார்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "அடப்பாவி! பேசாம தோத்திருந்தா நீ பாட்டுக்குச் சென்னைக்குப் போயிருக்கலாமே. எதுக்குடா இப்புடி மல்லுக்கட்டுன?"

"போறதுக்குத்தான் ஆசைக்கா. பெரம்பலூருகிட்ட தோக்கத்தான் மனசு வரல."