சாரல் நாட்களை எழுதிய நோட்டு

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து நான் சாரல் நாட்களை எண்ணி வருகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு வேறு வேலை தெரியாது. தென்காசி வீட்டு மாடியில் நிற்பேன். முகத்தில் ஈரம் பட்டால் அன்றைக்கு ஒரு கோடு. ஆனி, ஆடி, ஆவணி மட்டும். பதினேழு வருஷம், பதினேழு நோட்டு. எங்கள் பக்கம் சீசன் எப்படி என்றால் எத்தனை நாள் சாரல் என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு மழை என்று யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் ஆனியில் ஒன்பது கோடுதான் விழுந்தது. அச்சன்புதூரில் என் தம்பி இரண்டு ஏக்கரில் கார் பருவ நெல் நட்டிருந்தான். கிணற்று மோட்டார் முக்கால் மணி நேரத்தில் காற்றை இழுத்தது. ஆடி நான்காம் தேதி பயிர் கருகிவிட்டது. அதையும் நோட்டில் எழுதி வைத்தேன். ஆடி இருபத்தாறாம் தேதி ஒரே பகலில் கொட்டித் தீர்த்தது. குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டார்கள். குளம் நிரம்பித் தண்ணீர் மறுகால் பாய்ந்து தம்பி வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது.

தம்பி, நிவாரணம் வந்தால் மறுபடி நடுவேன், வராவிட்டால் வயலைச் சோலார் கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்றான். என்னிடம் ஆதாரம் இருக்கிறது, பேசாமல் இரு என்றேன்.

காலநிலை மாற்றத்துக்கு ஏற்ற விவசாயம் என்று வேளாண்மைத் துறையில் ஒரு கூட்டம் போட்டார்கள். அறுபது நாற்காலி, நாற்பத்தோரு பேர். தம்பியோடு போய், வந்திருந்த பெண் அதிகாரியிடம் நோட்டுகளைக் கொடுத்தேன். பொறுமையாகப் புரட்டினார்.

"அழகா எழுதியிருக்கீங்க சார். ஆனா எத்தனை மில்லிமீட்டர்?"

"அது எதுக்கும்மா? நாளு பாதியாக் குறைஞ்சிருக்குல்லா."

"குறைஞ்சிருக்கு சார். ஆனா அந்த ஒரு நாள்லயே மொத்த மழை சராசரியத் தாண்டிட்டு. வறட்சின்னு எழுத முடியாது."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஏம்மா, ஒரு வாரத்துச் சோத்த ஒரே நேரத்துல வாயில திணிச்சா, இவன் பட்டினியே கிடக்கலன்னு எழுதுவியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "வாஸ்தவம் அண்ணாச்சி. ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல. வெள்ளச் சேதம்னு எழுதுதேன், அதுக்கு வழி இருக்கு."

தம்பி முகம் தெளிந்தது. அவன் சர்வே எண்ணைச் சொன்னான். அவர் எழுதிக்கொண்டே என் கடைசி நோட்டைத் திருப்பினார். பேனா நின்றது.

"சார், ஆடி நாலாம் தேதியே பயிர் கருகிட்டுன்னு போட்டிருக்கீங்களே. வெள்ளம் வந்தது இருபத்தாறு. இதப் பாத்துட்டு நான் எப்படி எழுத?"

கண்ணை மூடிக்கொண்டு எழுதும்மா என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் விடைத்தாளில் தேதி மாற்றி எழுதினாலே மதிப்பெண் குறைத்தவன் நான். அவர் எழுதியதை அடித்துவிட்டார்; நான் நோட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் தம்பி, "அந்த ஒரு தாளக் கிழிச்சிட்டுக் கொண்டு வந்திருக்கக் கூடாதாண்ணே?" என்றான். பிறகு எட்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஒன்பதாம் நாள் குத்தகைப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டான். போட்டேன்.

இப்போது வயல் முழுக்கச் சோலார் பலகைகள். தூசி படிந்தால் மின்சாரம் குறையுமாம். வாரம் இரண்டு லாரி தண்ணீர் வருகிறது. தம்பிதான் கழுவுகிறான்.